பட்டைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் மரவட்டையைத் தேடுவது எப்படி?

மரவட்டை என்றதும் கருப்பாக, வழுவழுவென்று, தொட்டால் சுருண்டுகொள்ளும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். பாலிக்ஸெனிடே என்ற மரவட்டைக் குடும்பம் அதற்கு நேர்மாறு: மெத்தென்ற உடம்பு, சுண்ணாம்பு ஓடு கிடையாது, நாற்றமடிக்கும் திரவமும் கிடையாது, நீளம் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். உடம்பெல்லாம் மயிர்க்கொத்து, வாலில் வெளிறிய குஞ்சம். முதல்முறை பார்த்தபோது நூல்பிசிறு என்று ஊதித் தள்ளிவிட்டேன்.

10 மடங்கு காட்டும் கைலென்ஸ், மெல்லிய தூரிகை, வெள்ளைத் தாள், இவை போதும்.

முதலில் இடம். பழைய மரத்தில் தானாகப் பெயர்ந்து நிற்கும் பட்டை, பாசியும் லைக்கனும் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் படலம்) படர்ந்த கல்சுவர் இடுக்கு. அந்தப் பாசியையும் லைக்கனையும் சுரண்டித் தின்றுதான் இது வாழ்கிறது. பட்டையைப் பிய்க்காமல் லேசாகத் தூக்கி, கீழே தாளைப் பிடித்துத் தூரிகையால் தட்டுங்கள். விழுவதில் முக்கால்வாசி குப்பைதான், கொஞ்சம் பொறுங்கள், குப்பை நடக்காது.

அப்புறம் கால்களை எண்ணுங்கள், இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். கம்பளத்தை அரிக்கும் வண்டின் புழுவும் இதேபோல மயிரோடு இருக்கும், ஆனால் அதற்கு 3 ஜோடிக் கால்கள்தான். நம்முடையதில் வளர்ந்ததற்குப் பெரும்பாலும் 13 ஜோடி. சிக்கல் என்னவென்றால், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கும் 3 ஜோடிதான், ஒவ்வொரு தோலுரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அதனால் பொடியனை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் கூட்டமாகத்தான் இருக்கும், பக்கத்தில் பெரியது ஒன்று கிடைக்கும்.

வாலைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், குஞ்சம் பாதி தூரிகையோடு வந்துவிட்டது. அந்த மயிர்களின் நுனியில் கொக்கி இருக்கிறது. எறும்பு தாக்கினால் வாலை அதன்மேல் தேய்த்துவிட்டு இது நழுவிவிடும், எறும்பு துடைக்கத் துடைக்க இன்னும் சிக்கிக்கொள்ளும். 1996இல் பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் பாலிக்ஸெனஸ் ஃபாஸிகுலாட்டஸ் இனத்தில் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள்.

இனப்பெயர் வேண்டுமா? லென்ஸ் போதாது, நுண்ணோக்கி தேவை. கண்ணே இல்லையென்றால் அது பெரும்பாலும் அண்டைக் குடும்பமான லோஃபோப்ரோக்டிடே. ஐரோப்பாவில் பிரபலமானது பாலிக்ஸெனஸ் லகூரஸ், லின்னேயஸ் 1758இல் இதைப் பூரான்களோடு சேர்த்துப் பெயரிட்டார்! வடக்கே சில இடங்களில் இதில் ஆணே கிடையாது, பெண்கள் தனியாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. உறுதியில்லையென்றால் குடும்பப் பெயரோடு குறிப்பை நிறுத்துவதுதான் என் வழக்கம்.

சரி, பார்த்து முடித்ததும் தாளை அதே பட்டை இடுக்கில் சாய்த்து வையுங்கள், தானே நடந்து ஏறிவிடும்.