சுறாவை விட இழுப்புக்குப் பயப்படுங்கள்

கடலில் இறங்கும்போது எல்லோருக்கும் சுறா பயம்தான் வருகிறது. ஆனால் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சுறா தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 10 பேரைத் தாண்டுவதில்லை. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில், அதாவது இழுப்பில், போகும் உயிர்கள் அதைவிடப் பல மடங்கு.

அலைகள் உடையும் இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால், குளிக்க நல்ல இடம் என்று அங்கே இறங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் அதுதான் இழுப்பு. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தவே வேண்டாம், களைத்துப்போய்த்தான் பலர் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்; தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள்.

சரி, சுறாவுக்கு? விடியலிலும் அந்தியிலும், கலங்கிய நீரிலும், மீன் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் இறங்காதீர்கள். மின்னும் நகைகளையும் கழற்றிவிடுங்கள்.