இரண்டு மெசினிலிருந்து ஒரு செயின்சோ

சிலிண்டர் கீறிப்போன ஒரு பழைய ஹஸ்க்வர்னா 365 செயின்சோ (மரம் அறுக்கும் மெசின்) வெள்ளவத்தை வீட்டில் கிடந்தது. பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் தண்டான கிராங்க் நன்றாக இருந்ததால் எறிய மனம் வரவில்லை. அந்தப் பழைய 365 உடலில் அதே கம்பனியின் பெரிய மொடலான 372 எக்ஸ்பியின் சிலிண்டர் உட்காரும். இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 36 மிமீதான். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 48 மிமீயிலிருந்து 50 ஆகும், கொள்ளளவு 65 சிசியிலிருந்து ஏறத்தாழ 71க்கு ஏறும்.

அந்தச் சிலிண்டரைப் பூட்டியதும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில் (கை எடுத்ததும் மெதுவாக ஓடும் நிலையில்) நிற்காமல் தானாகவே வேகம் ஏறியது. இந்த இடத்தில் காபரேற்றர் திருகில் கை வைக்கவே கூடாது. எங்கோ காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் கலவையில் பெற்றோல் குறைந்து புது பிஸ்டனும் கீறிவிடும். பிஸ்டனைக் கீழே இறக்கி, சைலன்சர் பக்கத்தையும் காபரேற்றர் பக்கத்தையும் ரப்பர் வைத்து அடைத்தேன். அப்புறம் பிளக் துவாரத்தால் மெதுவாகக் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். கிளட்ச் பக்க ஒயில் சீலில் குமிழி! ரப்பர் வயதாகி இறுகியிருந்தது. கிளட்ச்சையும் ஒயில் பம்பையும் கழற்றி, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் அளவு பார்த்து வாங்கிய சீலைப் போட்டேன். ஐடில் அடங்கிவிட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பார் (செயின் ஓடும் தகடு), செயின், ஸ்ப்ரொக்கெட் (செயினைச் சுற்றும் பற்சக்கரம்) மூன்றையும் வேறு வேறு இடத்தில் வாங்குபவர்கள் பிட்ச், அதாவது செயின் இணைப்புகளின் இடைவெளி அளவு, ஒன்றா என்று பாருங்கள். செயினில் பாருக்குள் ஓடும் பற்களின் தடிப்பு பாரின் பள்ளத்துக்கும் பொருந்த வேண்டும்.