போட்டியாளர் கொண்டுவந்த வசதியை நாமும் சேர்க்க வேண்டுமா? தொடக்கநிலையினருக்கான செய்முறை

பெங்களூருவில், சிறு கடைக்காரர்களுக்கான கணக்குச் செயலி ஒன்றில் நான் புராடக்ட் மேனேஜராகச் சேர்ந்த புதிதில், போட்டி நிறுவனம் எந்த வசதியை வெளியிட்டாலும் அன்று மாலைக்குள் அது எங்கள் பேக்லாக்கிலும் (இனிச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) ஏறிவிடும். அவற்றில் எதைச் செய்வது, எதை விடுவது என்று பிரித்துப் பார்க்க நான் கற்றுக்கொண்ட முறை இது.

முதல் படி: வசதியின் பெயரை ஒதுக்கிவிட்டு, அது யாருடைய எந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, வாயால் சொல்லியே கணக்கைக் குறிக்கும் "குரல்வழிப் பதிவு" என்பது பெயர். "கூட்ட நேரத்தில் கை ஒழியாத கடைக்காரர் கடனைக் குறிக்க மறந்துவிடுகிறார்" என்பது சிரமம்.

இரண்டாம் படி: அந்தச் சிரமம் உங்கள் பயனர்களுக்கும் உண்டா என்று நேரில் சென்று பாருங்கள். மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். குரல்வழிப் பதிவுக்காக அல்சூரில் தமிழர்கள் நடத்தும் சில மளிகைக் கடைகளில் மாலை நேரம் முழுவதும் நின்று கவனித்தோம். கடைக்காரர்கள் கடனைத் துண்டுச் சீட்டில் குறித்துவைத்து, கடை சாத்திய பிறகே செயலியில் ஏற்றினார்கள். வாங்குபவர் எதிரிலேயே "இவருக்கு முந்நூறு ரூபாய் கடன்" என்று உரக்கச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. எனவே குரல் வசதியை விட்டுவிட்டு, பல கடன்களை ஒரே பக்கத்தில் வரிசையாக ஏற்றும் வசதியைச் செய்தோம். "இது வேண்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதைக்காகவே "வேண்டும்" என்பார்கள், ஆகவே, "கடைசியாக இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: அது அடிப்படைத் தேவையா என்று பாருங்கள். ஜப்பானியப் பேராசிரியர் நொரியாக்கி கானோ 1984இல் முன்வைத்த பகுப்பின்படி, சில வசதிகள் இருந்தால் யாரும் பாராட்டுவதில்லை, இல்லாவிட்டால் எரிச்சல் அடைவார்கள். இன்று கடைகளுக்கு யுபிஐ அத்தகையது. இவ்வகையைத் தயங்காமல் பின்பற்றுங்கள். இதில் புதுமை தேட வேண்டியதில்லை.

நான்காம் படி: உங்கள் தயாரிப்பை மக்கள் எதற்காகத் திறக்கிறார்களோ, அந்தப் பழக்கத்தோடு புதிய வசதி பொருந்துகிறதா என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்னாப்சாட்டின் ஸ்டோரிஸ் வடிவத்தை இன்ஸ்டாகிராம் 2016 ஆகஸ்டில் வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது; படம் பகிர்வதையே வழக்கமாகக் கொண்டிருந்தவர்களிடையே அது வேரூன்றியது. அதே வடிவத்தை ட்விட்டர் 2020 நவம்பரில் ஃப்ளீட்ஸ் என்ற பெயரில் பரவலாக வெளியிட்டு, 2021 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. எழுதத் தயங்குவோரை எழுதவைக்கும் என்று அந்நிறுவனம் எதிர்பார்த்த வசதியை, ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்களே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள்.

கடைசியாக, செய்ய ஆகும் நாட்களோடு பராமரிப்புச் சுமையையும் டெவலப்பர்களிடம் கேட்டறிந்து முடிவெடுங்கள். வேண்டாம் என்று விட்ட வசதிகளையும் காரணத்துடன் தேதியிட்டு எழுதிவையுங்கள். விற்பனைக் குழு மீண்டும் கேட்கும்போது அந்தக் குறிப்பைக் காட்டலாம், காரணம் மாறியிருந்தால் முடிவையும் மாற்றலாம்.