தீக்காப்பீட்டு வரைபடத்தில் ரயிலைத் தேடுவது எப்படி?

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் ரயில் வரலாற்றை ஆராயத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ரயில்வே வரைபடங்களைத்தான் முதலில் தேடுவார்கள். என்னைக் கேட்டால் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் தொடங்குங்கள் என்பேன். டி. ஏ. சான்போர்ன் 1867இல் தொடங்கிய நிறுவனம் ஏறத்தாழ 12,000 ஊர்களைக் கட்டடம் கட்டடமாக அளந்து வரைந்தது. எந்த இடம் எளிதில் தீப்பிடிக்கும் என்பதைக் காப்பீட்டு நிறுவனங்கள் நேரில் போகாமலே கணக்கிட வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு உழைப்பும். வரைந்தவரின் கவலை ரயில் அல்ல, தீ. இதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவை எடுத்துக்கொள்வோம். டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே 1880இல் தன் தேவைக்காகவே உருவாக்கிய ஊர் அது. 1882இல் அங்கிருந்து சில்வர்டன் சுரங்கப் பகுதிக்குக் குறுகிய தண்டவாள அகலம் கொண்ட (நேரோ கேஜ்) பாதை போய்ச் சேர்ந்தது.

படி 1: தாள்களை எடுத்தல்
அமெரிக்கக் காங்கிரஸ் நூலக இணையதளத்தில் சான்போர்ன் தொகுப்பைத் திறந்து, மாநிலம், ஊர் என்று வடிகட்டுங்கள். ஒரே ஊருக்குப் பல ஆண்டுப் பதிப்புகள் இருக்கும். எல்லாவற்றையும், கிடைப்பதில் மிகப் பெரிய கோப்பாக இறக்குங்கள். சில தரவுத்தளங்களில் மைக்ரோபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதிதான் இருக்கும். வண்ணப் பிரதி கிடைக்கும்போது கறுப்பு வெள்ளையை நாடாதீர்கள்.

படி 2: முதல் தாள்
அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஊர் முழுவதன் சிறு வரைபடமும், தெருப் பட்டியலும், ஸ்டேஷன், ஆலை, ஹோட்டல் போன்றவற்றின் பெயர்ப் பட்டியலும் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஸ்டேஷன் எந்தத் தாளில் இருக்கிறது என்று பார்த்து நேரே அங்கே போங்கள்.

படி 3: நிறமும் அளவும்
இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் கல், சாம்பல் இரும்பு. கட்டடத்தின் மூலையில் இருக்கும் எண் மாடிகளைக் குறிக்கும். பெரும்பாலான தாள்களில் ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்பது அளவு. இது எவ்வளவு பயன்படும் என்பதை லோகோ ஷெட் பக்கம் போனால் தெரிந்துகொள்ளலாம். இன்ஜின்கள் நிற்கும் அரைவட்டக் கொட்டகையும், அதன் எதிரே இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடையின் வட்டமும் தெரியும். அந்த வட்டத்தின் குறுக்களவைத் தாளில் உள்ள அளவுகோலோடு ஒப்பிடுங்கள். அடுத்த பதிப்பில் வட்டம் பெரிதாகியிருந்தால், நீளமான இன்ஜின்கள் வந்துவிட்டன என்று ஊகிக்கலாம். அறைகளை எண்ணினால் எத்தனை இன்ஜின்களுக்கு இடம் இருந்தது என்பதும் கிடைக்கும். அருகே நிலக்கரிக் கொட்டகை, எண்ணெய் அறை, தண்ணீர்த் தொட்டி, இரவுக் காவலாளி உண்டா இல்லையா என்ற குறிப்பு. காப்பீட்டுக்காரர்கள் வீணாகப் பயப்படவில்லை. டுராங்கோவின் இன்ஜின் கொட்டகை 1989 பிப்ரவரியில் எரிந்தே போனது, பிறகு திரும்பக் கட்டினார்கள்.

படி 4: கிளைப்பாதையைப் பின்தொடர்தல்
முக்கியப் பாதையை விட்டுப் பிரியும் ஒவ்வொரு கோடும் எந்த வாசலில் முடிகிறது என்று பாருங்கள். மரக்கடை, மாவு ஆலை, கரிக்கிடங்கு, தாது உருக்காலை: ரயில் யாரை நம்பிப் பிழைத்தது என்பது இங்கேதான் வெளிப்படும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது.

படி 5: பதிப்புகளை ஒப்பிடுதல்
ரயில் பாதைகள் அமைத்த ஓட்டோ மியர்ஸின் ரியோ கிராண்டே சதர்ன் பாதை 1891இல் டுராங்கோவை அதே மாநிலத்தின் ரிட்ஜ்வே ஊரோடு இணைத்தது. அதற்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாக முளைத்த கோடுகளையும் கொட்டகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கை: திருத்தங்களைத் துண்டுக் காகிதங்களாகப் பழைய தாளின் மேலேயே ஒட்டுவது அந்நிறுவனத்தின் வழக்கம். அப்படிப்பட்ட பிரதியில் அச்சான ஆண்டு ஒன்றாகவும், காட்டும் நிலவரம் பல ஆண்டுகள் பிந்தியதாகவும் இருக்கும்.

படி 6: இன்றைய நிலத்தின் மேல் வைத்தல்
கூகுள் எர்த் ப்ரோவில் தாளைப் படமாகச் சேர்த்து, பாதி ஒளிபுகும்படி வையுங்கள். டுராங்கோவில் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்பதால் அதன் மூலைகளைப் பொருத்தினால் போதும். மற்ற ஊர்களில் தெருமுனைகளும் தேவாலயங்களும் கைகொடுக்கும்.

வரைபடம் சொல்லாதவையும் உண்டு. கட்டடம் இல்லாத வெற்று யார்டை அளவையாளர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஊருக்கு வெளியே பாதை அப்படியே அறுந்து நிற்கும். வரைந்த கோடுகளை வைத்துத் தண்டவாள அகலத்தையும் முடிவு செய்யாதீர்கள். டுராங்கோவிலிருந்து ஃபார்மிங்டனுக்கு 1905இல் போட்ட பாதை வழக்கமான அகலம் (ஸ்டாண்டர்ட் கேஜ்) கொண்டது, 1923இல்தான் அதைக் குறுகிய அகலத்துக்கு மாற்றினார்கள். இத்தகைய விவரங்களுக்கு, 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில்வே சொத்துகளை மதிப்பிட வரைந்த வரைபடங்கள் வேண்டும். அவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.