கைபேசியைப் பார்த்து நெல் சாகுபடி: டெல்டா உழவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் உலவும் நெல் சாகுபடிக் குறிப்புகளில் பல பொய்யானவை அல்ல. வேறொருவர் வயலுக்கு, வேறொரு சாகுபடிப் பருவத்துக்குச் சொல்லப்பட்டவை. அதைக் கவனிக்காமல் அப்படியே தம் வயலில் இறக்குவதில்தான் காவிரி டெல்டா உழவர்களுக்குப் பெரும்பாலான இழப்பு நேர்கிறது.

மஞ்சளித்த இலையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, முதலில் வரும் பதிலோடு மருந்துக்கடைக்குப் போவது இன்று பரவலான வழக்கம். தழைச்சத்துக் குறைவாலும், வடியாமல் நிற்கும் நீராலும், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாலும் இலை மஞ்சளாகலாம் என்பதால், ஒற்றைப் படத்தைக் கொண்டு காரணத்தை உறுதிசெய்ய முடியாது. புகையான் என்னும் தத்துப்பூச்சி இன்னும் மோசம். அது தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதால் மேலிருந்து எடுக்கும் படத்தில் தென்படாது. பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்தது படத்தில் தெரியும் நேரத்தில் காலம் கடந்திருக்கும். வயலில் இறங்கித் தூரைக் கையால் விலக்கிப் பார்ப்பதற்கு ஈடான செயலி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. காணொளியில் யாரோ சொன்னார் என்று புகையானுக்குச் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால், புகையானைத் தின்னும் சிலந்திகள் அழிந்து, அது முன்னிலும் பெருகும்.

வளரும் பயிருக்கு இடும் மேலுரத்தை முடிவு செய்யவும் கைபேசிப் படம் உதவாது. வெயிலுக்கும் கேமராவுக்கும் ஏற்ப இலையின் பச்சை மாறித் தெரியும். இலை வண்ண அட்டையை நம் உடலின் நிழலில் பிடித்து ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னிக்கு 3, பிற இரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் தழைச்சத்து இடுவது நல்லது.

அளவுகளில் நேரும் குழப்பம் வெளியே தெரிவதில்லை. பல்கலைக்கழகப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேருக்கும், காணொளிகள் ஏக்கருக்கும் சொல்ல, தஞ்சைப் பக்கத்து உழவர் மனத்தில் மாக்கணக்கு ஓடுகிறது. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், ஏறத்தாழ 3 மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஹெக்டேருக்கான யூரியாவை ஏக்கருக்கு என்று எண்ணி இட்டவரின் பயிர் கரும்பச்சையாகச் செழித்து, பூச்சியை அழைத்து, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும்.

இரகத் தேர்விலும் இதே கதைதான். சிஆர் 1009 நல்ல விளைச்சல் தருவது உண்மையே. ஆனால் 155 நாளுக்குக் குறையாத அந்த இரகத்தை, காணொளி பார்த்த உற்சாகத்தில் அக்டோபரில், குறுவை அறுவடைக்குப் பின் வரும் தளடிப் பட்டத்துக்கு விதைத்தால் அறுவடை மார்ச்சுக்குப் போகும். டெல்டாவுக்குப் பாசன நீர் தரும் மேட்டூர் அணையை ஜனவரி 28 அன்று மூடுவது மரபு, அதன்பின் அந்த நீர் வராது என்பது காணொளி போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைச் செய்தியைப் பொறுத்தவரை, தேதியில்லாத எச்சரிக்கையை நம்பி அறுவடையை அவசரப்படுத்தக் கூடாது; சென்ற ஆண்டின் புயல் படம் இந்த ஆண்டும் சுற்றும். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையோ, 2019-இல் வெளிவந்த மேகதூத் செயலியையோ பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதுபோல, 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியை மானியத்துக்கு மட்டும் திறப்பவர்கள், உதவி வேளாண் அலுவலர் ஊருக்கு வரும் நாளும் அதில் இருப்பதைப் பார்ப்பதில்லை.

ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் பிஎம் கிசான் திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்பைத் தொடவே கூடாது. அதை நிறுவினால் குறுஞ்செய்திகளும் ஓடிபி எண்ணும் மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளுவதும், இ-சேவை மையத்தில் தரும் இரசீதைப் படிக்காமல் மடித்து வைப்பதும் அடுத்த தவறுகள். வருவாய்க் கிராமம், சர்வே எண், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு ஆகிய ஐந்தையும் அடங்கலோடும் (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) வங்கிப் புத்தகத்தோடும் ஒப்பிட்டு, பிழையிருந்தால் அந்த இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே திருத்தச் சொல்ல வேண்டும். பதிவுக்கான நாள் முடிந்த பிறகு திருத்துவது எளிதன்று.