பிளவு உதடு, பிளவு அண்ணம்: அடுத்த குழந்தைக்கு முன் குடும்ப மரபுப் படம் வரையும் முறை

பிளவு உதட்டுடனோ பிளவு அண்ணத்துடனோ (அண்ணம் என்பது வாயின் மேற்கூரை) ஒரு பிள்ளை பிறந்த வீட்டில், அடுத்த பிள்ளையைப் பற்றி எண்ணத் தொடங்கும்போதே "இதுவும் அப்படிப் பிறந்துவிடுமோ" என்ற பயமும் வந்துவிடுகிறது. அந்த வாய்ப்புப் பெரும்பாலான குடும்பங்களில் மிகக் குறைவு; சில குடும்பங்களில் மட்டும் அதிகம். உங்கள் குடும்பம் எதைச் சேர்ந்தது என்பதை மருத்துவர் கண்டறிய முதலில் கைகொடுப்பது, மூன்று தலைமுறைகளைக் காட்டும் மரபுப் படமாகும். இலங்கையின் வன்னியில் அதை வரைவது எளிதன்று. சொந்தங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்றும் கனடா, லண்டன் என்றும் சிதறிவிட்டன, பழைய புகைப்படங்கள் பல 2009 போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. ஆகவே விவரம் தெரிந்த அம்மம்மா, அப்பம்மாமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

கொப்பித் தாளொன்றில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் இட்டு, கீழே பிள்ளைகளையும், நடுவில் தாய் தகப்பனையும் அவர்களுடைய சகோதரங்களையும், மேலே இரு பக்கத்து மூத்தோரையும் வரிசைப்படுத்துங்கள். பிளவுடன் பிறந்தவரின் குறியை மையால் நிரப்பி, உதடு மட்டுமா, உதடும் அண்ணமுமா, அண்ணம் மட்டுமா என்று அருகில் எழுதுங்கள். உதட்டுப் பிளவும், உதடு சேராத அண்ணப் பிளவும் மரபு வழியில் பெரும்பாலும் வெவ்வேறானவை. இறந்தவரின் குறியில் ஒரு சாய்கோடு இடுங்கள். மாமி என்று மட்டும் எழுதாமல், அப்பாவின் சகோதரியா, மாமாவின் மனைவியா என்பதையும் குறியுங்கள். கணவனும் மனைவியும் சொந்த மச்சான் மச்சாள் என்றால் அவர்களை இரட்டைக் கோட்டால் இணையுங்கள். சொந்தத்துக்குள் செய்த கலியாணத்தை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மரபணு மாற்றம் இரு பக்கத்திலிருந்தும் பிள்ளையை வந்தடையும் வாய்ப்பை அது கூட்டுவதால், மருத்துவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

படத்தின் பெறுமதி கேட்கும் முறையில்தான் தங்கியிருக்கிறது. "எங்கட ஆக்களில ஆருக்கும் குறை இருந்ததோ" என்று கேட்டால், இல்லை என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பால் குடிக்க மாட்டாமல் இறந்த பிள்ளை இருந்ததா, குடித்த பால் மூக்கால் வந்த பிள்ளை இருந்ததா, மூக்கால் கதைப்பவர் யாரும் இருந்தாரா என்று தனித்தனியாகக் கேட்டால், பெயர் வைக்கும் முன்பே இறந்துபோன குழந்தைகளும் நினைவுக்கு வருவார்கள். மேலுதட்டில் தழும்புள்ள ஒருவரைப் பற்றிச் சொன்னால், அது பிறவிப் பிளவைத் தைத்த தழும்பா, போரில் எறிகணைத் துண்டு பட்ட காயமா என்பதைக் கட்டாயம் உறுதிசெய்யுங்கள். நம் பகுதியில் இரண்டும் உண்டு, பிழையாக நிரப்பிய ஒரு சதுரம் முழுக் கணக்கையும் மாற்றிவிடும். கிரகணத்தில் வெளியே போனாள், கத்தி பிடித்தாள் என்று தாயைக் குறைசொல்லும் பேச்சு எழுந்தால், அதை அவ்விடத்திலேயே நிறுத்துங்கள். அதில் உண்மை எதுவும் இல்லை. அந்தப் பழியை ஒரு தாய் சுமந்து திரிவது பெரிய அநியாயம்.

அடுத்து, பிள்ளையின் கீழுதட்டையும் தாய் தகப்பன் இருவரின் கீழுதடுகளையும் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நடுக்கோட்டுக்கு இரு புறமும் சிறு குழிகள் இருந்தால், சில வேளை அவற்றில் எச்சில் போன்ற ஈரம் கசிந்தால், அது உதட்டுக் குழியும் பிளவும் குடும்பத்தில் கடத்தப்படும் வான் டெர் வூட் நோய்க்குறித் தொகுதியாக இருக்கலாம். இதற்குப் பெரும்பாலும் காரணமான ஐஆர்எஃப்6 என்ற மரபணு 2002இல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால், அது ஒவ்வொரு பிள்ளைக்கும் கடத்தப்படும் வாய்ப்பு 50 வீதம். ஆனால் அதைப் பெறும் எல்லோருக்கும் பிளவு வருவதில்லை. குழி மட்டும் உள்ள, தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பியிருந்த தகப்பனுக்குப் பிளவுள்ள பிள்ளை பிறப்பது இவ்வாறுதான். பிள்ளைக்கு இதயக் குறை, பார்வைக் குறை, வளர்ச்சித் தாமதம் ஆகியவை இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

இத்தகைய அடையாளம் எதுவும் இல்லாமல், பெற்றோரும் பிளவின்றி, ஒரு பிள்ளைக்கு மட்டும் உதட்டுப் பிளவு இருந்தால், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 5 வீதம். இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருந்தால் அது 10 வீதமளவுக்கு உயரலாம். உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற நிலையோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலும் ஒருவருக்கு மட்டும் பிளவு வருவதுண்டு என்பதால், மரபணு மட்டுமே முழுக் காரணமன்று.

வரைந்த படத்தையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும், கருத்தரிப்பதற்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ மாவட்ட வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள். கீழுதட்டுக் குழியோ வேறு குறைகளோ இருந்தால், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு போன்ற இடத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கருவில் மேலுதடு 7ஆம் கிழமை (வாரம்) அளவிலும் அண்ணம் 12ஆம் கிழமையளவிலும் பொருந்தி முடிவதால், கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்கும் முயற்சி பல வேளை பிந்திவிடுகிறது. போலிக் அமிலம் முள்ளந்தண்டுக் குறைகளைப் பெருமளவு தடுப்பது உறுதி. பிளவைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடாவிட்டாலும் அதை முன்கூட்டியே எடுப்பது நல்லது. வலிப்புக்கு வால்புரோயேட், பெனிட்டோயின், டோபிராமேட் போன்ற மருந்து எடுப்பவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. மருந்தின் பெயரைப் படத்தின் ஓரத்தில் எழுதி, மாற்ற முடியுமா என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.