பார்த்தீனியத்துக்கு வண்டு விட்ட கதை

வரப்பெல்லாம் பார்த்தீனியம். கையால் பிடுங்கிய அம்மாவுக்கு முழங்கை வரை தடிப்பும் அரிப்பும்; இரவெல்லாம் தூங்கவில்லை. களைக்கொல்லி அடித்தும் அடுத்த மழைக்கே மறுபடி முளைத்தது.

மெக்சிகோவிலிருந்து வரவழைத்து 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு இந்தச் செடியைத் தின்னும் என்று அறிந்ததும், பக்கத்து ஊர்ச் சாலையோரங்களில் தேடினேன். வெளுத்த முதுகில் கரும்பழுப்பு வரிகள், அடையாளம் தப்பாது. இலைகளோடு சேர்த்து இருநூறு வண்டுகளைத் துளையிட்ட டப்பாவில் கொண்டுவந்து விட்டேன்.

முதல் ஆண்டு ஏமாற்றம்தான். தவறு என்னுடையது. பனிக்காலத்தில் வண்டு மண்ணுக்குள் உறங்கும். நான் அந்த இடத்தையே உழுதுவிட்டேன். மறு ஆண்டு தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மீண்டும் விட்டேன். இம்முறை வேலியோரம் ஒரு சென்ட் நிலத்தில் கலப்பையோ மருந்தோ படவிடவில்லை. ஆகஸ்டில் இலையைத் திருப்பினால் அடியில் சின்னஞ்சிறு மஞ்சள் முட்டைகள். குருத்திலும் மொட்டிலும் புழுக்கள். பல செடிகள் பூக்கும் முன்பே வெறும் தண்டாக நின்றன. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும் என்பதால், பூவைத் தடுத்ததுதான் பெரிய லாபம்.

வண்டு உறங்கும் மாதங்களில் முளைப்பவற்றைக் கையுறை போட்டு நானே பிடுங்குகிறேன். அம்மாவை அந்தப் பக்கம் விடுவதில்லை.